பூண்டுக்கு வைத்தியர் பட்டம் வேண்டாம்

வெள்ளைப்பூண்டுக்கு இரண்டு வகைப் பகைவர்கள் உண்டு. அதை வீட்டு வாசற்படி ஏற விடாதவர்கள் ஒரு வகை. அது அவர்களுடைய ஆசாரம். அதனால் பூண்டுக்கும் நஷ்டமில்லை, நமக்கும் நஷ்டமில்லை. அவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. இன்னொரு வகையார், பூண்டைத் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டு ஆடுகிறவர்கள். விடிந்ததும் வெறும் வயிற்றில் இரண்டு பல் பச்சைப்பூண்டைத் தின்றால் இருதய அடைப்பு கரைந்துவிடுமாம், இரத்தக் கொதிப்பு இறங்கிவிடுமாம், சர்க்கரை ஓடிவிடுமாம், புற்றுநோய் தெருமுனையிலேயே நின்று திரும்பிப் போய்விடுமாம்! பூண்டின் உண்மையான பகைவர்கள் இவர்கள்தாம். நான் வழக்காட வந்திருப்பதும் இவர்களோடுதான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பூண்டைப் பழிப்பது என் நோக்கமன்று. செட்டிநாட்டுச் சாப்பாட்டில் கை நனைத்தவன் எவனும் பூண்டைப் பழிக்க மாட்டான். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் முழுப் பூண்டுப் பற்களும் வதங்கி, புளியும் காரமும் சேர்ந்து, எண்ணெய் மேலே மிதந்து வரும்வரை கொதித்த பூண்டுக் குழம்பை ஒருமுறை சுடுசோற்றில் ஊற்றிப் பிசைந்தவனுக்கு அந்த ருசி நாக்கைவிட்டுப் போகாது. உப்புக்கறியில் மிளகாய் வற்றலுக்குத் துணை யார்? பூண்டு. வெள்ளைப் பணியாரத்துக்குத் தொட்டுக் கொள்ளும் மிளகாய்த் துவையலுக்கு உயிர் கொடுப்பது எது? பூண்டு. மிளகு ரசத்தில் தட்டிப் போட நாலு பல் பூண்டு இல்லையென்றால் அதை ரசம் என்று சொல்லவே மனம் வராது. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டைப் பாலில் வேக வைத்தும், குழம்பில் போட்டும் கொடுப்பது தமிழ்நாடு முழுவதும் உள்ள வழக்கம். இவ்வளவு மரியாதை பூண்டுக்கு ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக எம்.பி.பி.எஸ். பட்டம் வேறு எதற்கு?

பட்டம் கொடுத்ததால் என்ன விளைகிறது? நான் கதை எழுதுகிறவன். ஆகவே கற்பனையாகவே ஒரு வீட்டைச் சொல்கிறேன். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களை அறிந்தவர்களுக்கு இது கற்பனையாகத் தோன்றாது. தெருவின் இந்த முனை தொடங்கி அடுத்த தெரு வரை நீளும் பெரிய வீடு. பர்மாத் தேக்கில் தூண்கள். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். அத்தனை பெரிய வீட்டில் குடியிருப்பது இரண்டே பேர்: எழுபதைத் தாண்டிய செட்டியாரும் ஆச்சியும். அவர்களுக்குத் துணை கைப்பேசி. காலையில் கண் விழித்ததும் அதில் ஒரு பூப்படம் வருகிறது. பூப்படத்தின் பின்னாலேயே ஒரு வைத்தியக் குறிப்பு வருகிறது. ஒரு மாதம் கழித்து மகன் பேசுகிறான்.

"அப்பச்சிக்கு மாத்திரை கொடுத்தீகளா, ஆத்தா?"

"மாத்திரை எதுக்குத் தம்பி? அதை விட்டு ஒரு மாசமாச்சு. காலையிலே ரெண்டு பல்லு பூண்டைப் பச்சையாத் திங்கிறாக. மேலுக்கு நல்லாத்தான் இருக்கு."

'மேலுக்கு நல்லாத்தான் இருக்கு' என்ற இந்த மூன்று சொல்லில்தான் ஆபத்து முழுவதும் ஒளிந்திருக்கிறது. பல்வலி வந்தால் தெரியும். வயிற்றுவலி வந்தால் தெரியும். இரத்தக் கொதிப்போ பெரும்பாலும் சத்தம் போடாமல் குடியிருக்கும் நோய். மாத்திரையை விட்ட மறுநாளும் உடம்பு நன்றாகத்தான் இருக்கும். மறுமாதமும் நன்றாகத்தான் இருக்கும். என்றைக்கோ ஒருநாள் ஒரு கை தூக்க வராது. வாய் கோணிக் கொள்ளும். அன்றைக்கு அந்த வைத்தியக் குறிப்பை அனுப்பியவர் வந்து தூக்கிவிடுவாரா? அவர் பெயர்கூட நமக்குத் தெரியாதே! இந்தியாவில் வயது வந்தவர்களில் 35.5 சதவிகிதம் பேருக்கு இரத்தக் கொதிப்பு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான பெரிய ஆய்வு கணக்கிட்டது. மூன்று பேரில் ஒருவர்! அத்தனை பேருடைய கழுத்திலும் கத்தி வைக்கும் விளையாட்டல்லவா இது?

"அப்படியானால் பூண்டில் ஒன்றுமே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. இருப்பதை இருப்பதாகச் சொல்வதற்கு எனக்குத் தயக்கமில்லை. முழுப் பல்லாக இருக்கும் வரையில் பூண்டுக்கு அவ்வளவு மணம் கிடையாது. நசுக்கினால்தான் அதற்குள் தனித்தனி அறையில் இருந்த இரண்டு பொருள்கள் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பில் பிறப்பது அல்லிசின். 1944-இல் அமெரிக்காவில் காவலிட்டோ, பெய்லி என்ற இரு விஞ்ஞானிகள் இதைப் பிரித்தெடுத்து, கிருமிகளை எதிர்க்கும் வல்லமை இதற்கு உண்டென்று காட்டினார்கள். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்குப் பூண்டுத் தூளோ பூண்டுச் சாறோ கொடுத்த சில சோதனைகளில் அழுத்தம் ஓரளவு குறைந்ததும் உண்மை. ஆனால் அந்தச் சோதனைகள் பெரும்பாலும் சிறியவை. 'மாத்திரையை எறிந்துவிட்டுப் பூண்டைத் தின்னுங்கள்' என்று அவற்றில் எதுவும் சொல்லவில்லை.

கொழுப்பின் கதை இன்னும் சுவையானது. கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் கெட்ட கொழுப்பு ஓரளவு மிகுந்திருந்த 192 பேரைச் சேர்த்துக் கொண்டார்கள். ஒரு சாராருக்குப் பச்சைப்பூண்டு. இரு சாராருக்குக் கடையில் விற்கும் இருவகைப் பூண்டு மாத்திரைகள். மற்றொரு சாராருக்கு வெறும் போலி மாத்திரை. வாரத்தில் 6 நாள், 6 மாதம். பச்சைப்பூண்டை வாய்க்கு ருசியாக ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். 2007-இல் முடிவு வெளிவந்தது. கெட்ட கொழுப்பு அசையவில்லை! பச்சைப்பூண்டு தின்றவருக்கும் சரி, போலி மாத்திரை விழுங்கியவருக்கும் சரி, ஒரே கதைதான்.

நம் பாட்டிமார் சொன்னதில் ஒன்று பாதி ஜெயித்திருப்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு கொடுக்கிறோமே, அதைப் பற்றிப் பிலடெல்பியாவில் செய்த ஓர் ஆய்வு 1991-இல் வெளிவந்தது. தாய் பூண்டு உட்கொண்டால் சுமார் 2 மணி நேரத்தில் தாய்ப்பாலில் அதன் மணம் ஏறுகிறது. குழந்தை முகம் சுளிப்பதற்குப் பதில் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக மார்பைப் பற்றிக் கொண்டு சப்புகிறது. பால் அதிகம் சுரந்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அந்தக் குழந்தைக்குச் செட்டிநாட்டுக் குழம்பின் முதல் அறிமுகம் கிடைத்துவிட்டது என்று வேண்டுமானால் நாம் சொல்லிக் கொள்ளலாம்!

இந்த இடத்தில் சிலருக்குக் கோபம் வரும். "நம் முன்னோர்கள் முட்டாள்களா?" என்பார்கள். இல்லை ஐயா, இல்லை. முன்னோர்களை முட்டாளாக்குவது நானல்லேன். அவர்கள் சொல்லாததை அவர்கள் வாயில் திணிக்கிற நீங்கள்தாம். ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் ஒரே மருந்தை ஒரே அளவில் எந்த நாட்டு வைத்தியரும் எழுதியதில்லை. நாடி பார்த்தார், வயது கேட்டார், பத்தியம் சொன்னார். முகம் பார்க்காமல், நாடி தொடாமல், பல்லாயிரம் பேருக்கு ஒரே விரல்தட்டில் மருந்து சொல்லும் வழக்கம் சித்தர் காலத்ததன்று, கைப்பேசிக் காலத்தது.

"இயற்கைப் பொருள்தானே, தின்றால் என்ன கெட்டுவிடும்?" என்பது அடுத்த வாதம். எட்டிக்காயும் இயற்கைப் பொருள்தான். ஒரு பொருளுக்கு உடம்புக்குள் போய் வேலை செய்யும் திறன் இருக்கிறதென்றால், வேண்டாத வேலை செய்யும் திறனும் இருக்கத்தான் செய்யும். பூண்டு இரத்தம் உறைவதைச் சற்றுத் தாமதப்படுத்தும். இரத்தத்தை உறையாமல் வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதன்மேல் பூண்டு மாத்திரையையும் விழுங்குவது எரிகிற வீட்டில் எண்ணெய் வார்ப்பது போன்றது. அறுவைச் சிகிச்சைக்கு முன் பூண்டு மாத்திரையை நிறுத்தச் சொல்லி டாக்டர்கள் கேட்பது இதனால்தான். எச்.ஐ.வி. நோய்க்கான சாக்வினவிர் என்ற மருந்தோடு பூண்டு மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தபோது, இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டதை அமெரிக்க அரசு ஆராய்ச்சியாளர்கள் 2001-இல் கண்டார்கள். பச்சைப்பூண்டை நசுக்கித் தோலில் கட்டிக் கொண்டு கொப்புளம் கண்டவர்களும் உண்டு. குழம்பில் கிடக்கும் பூண்டு செய்யாத விஷமத்தை மாத்திரையாக மாறிய பூண்டு செய்கிறது.

மாத்திரையாக மாறிய பூண்டு என்றேனே, வேடிக்கையின் உச்சம் அதுதான். 'இரசாயன மாத்திரை விஷம். இயற்கைக்குத் திரும்புங்கள்' என்று தொடங்கும் உபதேசம், கடைசியில் எங்கே போய் முடிகிறது? ஒரு புட்டியில். புட்டிக்குள் அறுபது மாத்திரை. அதுவும் 'வாசனையற்ற பூண்டு'! உப்பில்லாத கடலைப் புட்டியில் அடைத்து விற்பது போலத்தான் இதுவும். இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, இருதய நோய், புற்றுநோய் முதலியவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்க, மாய வைத்திய விளம்பரங்களுக்கெதிராக 1954-லேயே இந்த நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பத்திரிகையில் விளம்பரம் போடுகிறவனுக்காவது ஒரு விலாசம் இருந்தது. கைப்பேசிக் குறிப்புக்கு விலாசம் ஏது? 2020 பிப்ரவரியில் கொரோனாவுக்கும் பூண்டே மருந்தென்று குறிப்புகள் பறந்தன. பூண்டு நல்ல உணவு, ஆனால் அந்த நோயிலிருந்து காக்கும் என்பதற்குச் சான்றில்லை என்று உலகச் சுகாதார நிறுவனமே வாய் திறந்து சொல்ல வேண்டி வந்தது.

செட்டிநாட்டாரிடம் எனக்கு உரிமையோடு கேட்க ஒரு கேள்வி உண்டு. பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் கடை வைத்து, பேரேடு எழுதி, ஐந்தொகை போட்டு, காலணாவுக்கும் கணக்குக் கேட்டவர்கள் உங்கள் பாட்டன்மார். கையெழுத்தில்லாத சீட்டுக்கு அவர்கள் ஒரு ரூபாய் கடன் கொடுத்திருப்பார்களா? கையெழுத்தில்லாத குறிப்பை நம்பி நீங்கள் உயிரையே கொடுக்கலாமா? அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் தந்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அளந்து பார், பிறகு நம்பு என்பதுதான் அதன் சுவர்களுக்குள் நடக்கும் வேலை. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் இரத்த அழுத்தத்தை அளந்து பாராமல் 'மேலுக்கு நல்லாத்தான் இருக்கு' என்று இருக்கலாமா? 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டம் தொடங்கி, கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. வாசலுக்கு வந்த மருந்தைத் திண்ணையில் வைத்துவிட்டு அடுப்படியில் போய் மருந்து தேடுவானேன்?

அடுப்படியில் மருந்து தேடித்தான் ஆக வேண்டுமென்றால், பூண்டுக் கூடையை விட்டுவிட்டு உப்பு ஜாடியைப் பாருங்கள். இரத்தக் கொதிப்போடு நேரடி உறவு அதற்குத்தான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, உப்பு போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். காலையில் இரண்டு பல் பூண்டை முகம் சுளித்து விழுங்கிவிட்டு, மத்தியானம் ஊறுகாயும் அப்பளமும் மோர்மிளகாயும் வளைத்துக் கட்டுகிறவருக்கு எந்தப் பூண்டும் துணை வராது.

பூண்டைத் தின்னுங்கள், தாராளமாகத் தின்னுங்கள். தட்டிய பூண்டைச் சட்டியில் போடுமுன் ஒரு பத்து நிமிஷம் சும்மா வைத்திருங்கள். சூடு பட்டால் அடங்கிவிடும் அதன் சத்து கொஞ்சமாவது நிலைத்து நிற்கும் என்று எலிகளை வைத்து நடந்த ஓர் ஆராய்ச்சி 2001-இல் சொல்லியிருக்கிறது. மெய்யோ பொய்யோ, குழம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பூண்டின் பெயரால் நிறுத்தாதீர்கள். நிறுத்தத் தோன்றினால் அந்த டாக்டரிடமே போய்க் கேளுங்கள். அடுத்தமுறை உங்கள் கைப்பேசிக்கு வைத்தியக் குறிப்பு வந்தால், அதை மற்றவர்களுக்குத் தள்ளிவிடுமுன், 'இதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் அவர் வீட்டுப் படியேறிப் பதில் சொல்ல எனக்குத் தைரியம் இருக்கிறதா?' என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். தைரியம் இல்லையென்றால், குறிப்பு உங்களோடேயே நிற்கட்டும்.