பத்து நிமிஷம்

"அண்ணா, ஊரில் பத்தாவது தேறிய பிள்ளைகள் எல்லாம் பிளஸ் டூவில் சேருகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளை மட்டும் ரேடியோ ரிப்பேர் கற்றுக் கொள்ளப் போகிறானாம்!" என்று சில வருஷங்களுக்கு முன் என் தங்கை டெலிபோனில் அழாத குறையாகச் சொன்னாள்.

மருமான் ஐ.டி.ஐ.யில் 'எலக்ட்ரானிக் மெக்கானிக்' பிரிவுக்கு மனுப் போட்டிருந்தான். தங்கைக்குச் சமாதானம் சொன்னேனே தவிர, எனக்கும் உள்ளூரச் சந்தேகந்தான்.

இரண்டு வருஷம் சால்டரிங் பிடித்தான். மீட்டரால் அளக்கவும், ஆஸிலாஸ்கோப்பைப் பார்க்கவும், சர்க்யூட் படத்தைப் படிக்கவும் கற்றான். பிறகு 1961-ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டப்படி கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் பயிற்சி. அங்கேயே வேலையும் கிடைத்துவிட்டது.

பொங்கலுக்கு வந்தவனை, "அப்படி என்னப்பா வேலை?" என்று பிடித்துக் கொண்டேன்.

"நூல் அறாமல் ஓட வேண்டுமானால் மில்லுக்குள் காற்றில் ஈரப்பதம் சரியாக இருக்கவேண்டும், மாமா. அதை அளக்கும் கருவி, மின்சாரத்தால்தான் சேதி அனுப்பும். ஈரம் சைபர் என்றால் 4 மில்லி ஆம்பியர். நூறு சதவிகிதம் என்றால் 20. பாதி என்றால் 12."

"சைபருக்குச் சைபரே அனுப்பினால் என்ன?"

"மாமியிடம் 'காபி இருக்கிறதா?' என்று கேட்கிறீர்கள். 'இல்லை' என்று பதில் வருவதும், பதிலே வராததும் ஒன்றா?"

"ஐயையோ! இரண்டாவது ஆபத்தாயிற்றே!"

"அதேதான். 4 வந்தால் 'இல்லை' என்று அர்த்தம். ஒன்றுமே வராவிட்டால் ஒயர் அறுந்திருக்கிறது என்று அர்த்தம்!"

எனக்குச் சுவாரஸ்யம் பிடித்துவிட்டது. "பயந்த சந்தர்ப்பம் ஏதாவது உண்டா?" என்று கேட்டேன். பையன் சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

ராத்திரி ஷிப்ட். ஒரு ரிங் பிரேம் நின்றுவிட்டது. அதன் மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் 'டிரைவ்' பழுது. அந்தப் பெட்டிக்குள் போகும் 415 வோல்ட் மின்சாரம் டி.ஸி.யாக மாறும்போது 580 வோல்ட்டுக்கு மேல் ஆகிவிடும். அதைத் தேக்கி வைக்கும் கெப்பாஸிட்டர்கள், சுவிட்சை அணைத்த பிறகும் சட்டென்று காலியாவதில்லை. 'பத்து நிமிஷம் கழித்துத் திற' என்று பெட்டியிலேயே எழுதி ஒட்டியிருந்தது.

சூபர்வைசருக்கு அவசரம். "சுவிட்சை அணைச்சாச்சில்ல தம்பி? இன்னும் என்ன கடிகாரத்தைப் பார்த்துட்டு நிக்கிறே?" என்று அதட்டினார். பையன் அசையவில்லை. பத்து நிமிஷம் ஆனதும் அவரே ஸ்குரூ டிரைவரோடு குனிந்தார்.

"கொஞ்சம் இருங்க சார், அளந்து பார்த்துடறேனுங்க" என்று மருமான் குறுக்கே நின்றான். முதலில் மின்சாரம் இருக்கிற இடத்தில் மீட்டரை வைத்து, மீட்டர் சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்தான். அப்புறம் பெட்டிக்குள் வைத்தான். முந்நூறு வோல்ட்டுக்கு மேல் காட்டியது! மின்சாரத்தை வடிப்பதற்காக வைத்திருந்த ரெஸிஸ்டர் கருகிப் போயிருந்தது. பத்து நிமிஷமல்ல, அரை மணி காத்திருந்தாலும் போதாது.

"அப்புறம்?"

"தகுந்த ரெஸிஸ்டரை முறைப்படி இணைத்து வடித்தேன். மறுபடி அளந்தேன். சைபர். மீட்டர் இன்னும் சரியாகத்தான் இருக்கிறதா என்று மறுபடியும் மின்சாரம் இருக்கிற இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையை விட்டேன். சார் ஒன்றும் பேசவில்லை. விடியற்காலை ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்."

"அம்மாவிடம் சொன்னாயா?"

"பயந்துவிடுவாள், மாமா."

திரும்பிப் பார்த்தேன். தோசைக் கரண்டியும் கையுமாகத் தங்கை வாசற்படியில் நின்று கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ! "இன்னும் ஒரு தோசை போடட்டுமா?" என்று மட்டும் கேட்டாள். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

யோசித்துப் பார்த்தேன். சால்டரிங்கை யாரும் கற்றுக் கொடுத்துவிடலாம். மேலதிகாரி அவசரப்படுத்தும்போது, 'அளந்து பார்க்கிறேன்' என்று பணிவாகச் சொல்லி நிற்க ஒரு இருபது வயதுப் பையனுக்குக் கற்றுக் கொடுத்தார்களே, அந்தப் படிப்பை நான் இளக்காரமாக நினைத்தேனே!

தங்கை இப்போது 'ரேடியோ ரிப்பேர்' என்று சொல்வதில்லை. வீட்டில் மிக்ஸி நின்றுவிட்டால்கூட, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறாளாம்!