மூட்டு வலிக்கும் சிறுநீர் பாருங்கள்

ஜவ்வாது மலையில் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள் நான். கர்ப்பிணி வந்தால் ரத்த அழுத்தம் பார்ப்போம். சிறுநீரில் பட்டையை நனைத்து, ‘உப்பு’, அதாவது புரதம், போகிறதா என்றும் பார்ப்போம். மஞ்சள் பட்டை பச்சையானால் புரதம் கசிகிறது. மாதக்கணக்கில் மூட்டு வலி என்று வரும் இளம்பெண்ணுக்கும் இதைச் செய்தாக வேண்டும்.

காரணம், லூபஸ். உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய் இது. வருவது பெரும்பாலும் பெண்களுக்கு, அதுவும் பிள்ளை பெறும் வயதில். சிறுநீரகத்தைத் தாக்கும்போது வலி தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் கன்னத்துப் படையை மங்கு என்றே நினைத்தாள். முடி கொட்டியது. சாமை அறுக்கும்போது விரல் மடங்கவில்லை. கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாள். அதுவும் சிறுநீரகத்துக்குக் கேடு. முகமும் காலும் வீங்கி வேலூர் போனபோது, சிறுநீரகத் திசுப் பரிசோதனையில் தழும்பு தெரிந்தது. தழும்பான பகுதி திரும்பாது.

யாருக்கு நோய் முற்றும்? வரும்போதே ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறியவர்களுக்கு, ரத்த அழுத்தம் அடங்காதவர்களுக்கு, ஓராண்டு சிகிச்சைக்குப் பிறகும் புரதக் கசிவு குறையாதவர்களுக்கு, நோய் திரும்பத் திரும்பத் தலைதூக்குபவர்களுக்கு. சிலருக்கு நோயே மூர்க்கமானது. அது நம் கையில் இல்லை. தாமதமும் பாதியில் நின்றுபோகும் மருந்தும் நம் கையில்தான் இருக்கின்றன.

சென்னை சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணியின் ‘கிட்னி ஹெல்ப் டிரஸ்ட்’ தாமதத்தைத் தவிர்க்க 1990களிலேயே வழி காட்டியது. சுமார் 25,000 பேர் வாழும் கிராமங்களில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்களே வீடு வீடாகச் சிறுநீரும் ரத்த அழுத்தமும் பார்த்தார்கள். 2021இல் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இன்று வீட்டுக்கே வருகிறது. ஆனால் அது முக்கியமாகத் தேடுவது சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும். இரண்டும் இல்லாத 20 வயதுப் பெண் அதன் கண்ணில் படுவதில்லை. முகப் படை, மூட்டு வலி, வீக்கம் உள்ள பெண்களையும் அதன் பரிசோதனைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

கண்டுபிடித்தால் மட்டும் போதாது. ஸ்டீராய்டு போட்டதும் வலி விடும், முகம் உப்பும். ‘சரியாகிவிட்டது’ என்று நிறுத்திவிடுவார்கள். திடீரென்று நிறுத்துவது ஆபத்து. லூபஸுக்கான ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். அதற்காகக் கூலியை விட்டுவிட்டு மாதாமாதம் மலை இறங்கச் சொல்வது நியாயமா? பெரிய மருத்துவமனை எழுதிக் கொடுத்த மருந்து மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூரிலேயே கிடைக்க வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனையும் அங்கேயே நடக்க வேண்டும். டயாலிசிஸ் வரை போய்விட்டால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிழைப்பு போகும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால், அரசுக்கும் குடும்பத்துக்கும் இந்த ஏற்பாட்டின் செலவு மிகச் சிறியது.