பெரிய பம்ப் மட்டும் போதுமா?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், அக்குறணையிலுள்ள எனது உதிரிப்பாகக் கடைக்கு பழைய ஸ்விப்ட் ஸ்போர்ட்டுக்கு டேர்போ பூட்டும் இளைஞர்கள் வரத் தொடங்கினர். "நானா, பெரிய பெற்றோல் பம்ப் இருக்கா?" என்பார்கள். கேள்வி கேட்காமல் கொடுத்தேன். ஒருவரின் பிஸ்டன் உருகிப்போனது.

டேர்போ காற்றைக் கூட்டினால் பெற்றோலும் கூட வேண்டும். இன்ஜெக்டர் சிறியதாகவே இருந்தால் பம்ப் பெரிதாகியும் பயனில்லை. கலவை மெலிந்து இஞ்சின் பழுதாகும். கம்பியூட்டர் டியூனிங்கும் அவசியம்.

வியாபார சகோதரர்களே, போதாது என்று தெரிந்தும் மௌனமாக விற்பது நேர்மையான வியாபாரமல்ல. இன்று நான் முதலில் விசாரித்த பின்பே விற்கிறேன். சில விற்பனைகள் கைநழுவுகின்றன. ஆனால் பிஸ்டன் உருகிய அந்தத் தம்பி இன்றும் என் கடைக்கே வருகிறார்.