ஏழாம் மாதமும் ரீசஸ் இரத்தமும்

மனிதர் அனைவருடைய இரத்தமும் பார்வைக்கு ஒரே செந்நிறமாயினும் அதன் இயல்பு ஒன்றன்று. ஏ, பி, ஏபி, ஓ என்னும் பிரிவுகளை இன்று பள்ளி மாணவரும் அறிவர். இவற்றோடு, சிவப்பணுக்களின் மேற்பரப்பில் ரீசஸ் ‘டி’ என்னும் பொருள் உண்டா இல்லையா என்பதைக் கொண்டு மற்றொரு பிரிவும் செய்யப்படுகிறது. அப்பொருள் உள்ளவர் பாசிட்டிவ் என்றும், இல்லாதவர் நெகட்டிவ் என்றும் கூறப்படுவர். 1940ஆம் ஆண்டில் லாண்ட்ஸ்டைனரும் வீனரும் ரீசஸ் குரங்கின் அணுக்களைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியிலிருந்து இப்பெயர் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே லெவைன், ஸ்டெட்சன் என்னும் இருவர், இறந்த சிசுவைப் பெற்ற ஒரு தாயின் இரத்தத்தில் அவள் கணவனுடைய அணுக்களை எதிர்க்கும் பொருள் இருந்ததை எடுத்துக்காட்டினர்.

நெகட்டிவ் இரத்தமுடைய தாயின் வயிற்றில், தந்தையைக் கொண்டு பாசிட்டிவ் சிசு உருவாகலாம். பிரசவ வேளையில் சிசுவின் இரத்தம் சிறிதளவு தாயின் இரத்தத்திற் கலக்கிறது. தாயின் உடல் அதனை அந்நியப் பொருளாகக் கருதி, அதற்கான எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. முதற் குழந்தை அதற்குள் பிறந்துவிடுவதால் பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த பாசிட்டிவ் சிசுவுக்கே கேடு நேர்கிறது. தாயின் எதிர்ப்பொருள் நச்சுக்கொடியின் வழியே சென்று அதன் சிவப்பணுக்களைச் சிதைக்கிறது. சோகை, உடல் வீக்கம், கடும் மஞ்சட்காமாலை, மூளைச் சேதம், சில வேளைகளில் கருவிலேயே மரணம் ஆகியவை இதன் விளைவுகள்.

ஐரோப்பியரில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர் நெகட்டிவ் இரத்தமுடையவர். இந்தியரில் இவ்வெண்ணிக்கை 5 அளவினதே. இதைக் கொண்டு அபாயம் குறைவு என ஆறுதல் கொள்வது தவறாகும். நெகட்டிவ் இரத்தம் எவ்வளவு அரிதோ, அவ்வளவுக்கு அவ்விரத்தமுடைய பெண்ணின் கணவன் பாசிட்டிவாக இருத்தல் உறுதியாகிறது. ஆகவே இந்தியாவில் நெகட்டிவ் இரத்தமுடைய தாய்மாருள் பெரும்பாலோர் இவ்வபாயத்திற்கு உட்பட்டவரே.

இதனைத் தடுக்கும் மருந்து 1968 முதல் வழக்கில் உள்ளது. லிவர்பூலில் கிளார்க், ஃபின் ஆகியோரும், நியூயார்க்கில் ஃப்ரீடா, கோர்மன், போலக் ஆகியோரும் தனித்தனியே உழைத்து இதனைக் கண்டனர். ‘ஆன்டி-டி’ எனப்படும் இவ்வூசி மருந்து, தாயின் இரத்தத்திற் புகுந்த சிசுவின் அணுக்களை, அவள் உடல் விழித்துக்கொள்ளுமுன் அகற்றிவிடுகிறது. தடுப்பு இல்லாத நிலையில், இரு பாசிட்டிவ் குழந்தைகளைப் பெற்ற பின் இத்தகைய தாய்மாருள் நூற்றுக்கு ஏறத்தாழ 16 பேருக்கு எதிர்ப்பொருள் உண்டாகும். பிரசவத்திற்குப் பின் 72 மணி நேரத்துள் ஊசி போட்டால் அது 2க்கும் கீழே குறைகிறது. கர்ப்பத்தின் 28ஆம் வாரத்திலும் ஓர் ஊசி போட்டால் ஆயிரத்துக்கு இரண்டு அளவுக்கு இறங்குகிறது. ஆனால் எதிர்ப்பொருள் ஒருமுறை உண்டான பின் இம்மருந்தால் பயனில்லை. காலமே இங்கு மருந்தின் பாதி.

இருபத்தெட்டாம் வாரம் என்பது ஏழாம் மாதம். கேரளத்தில் பல குடும்பங்கள் முதற் கர்ப்பத்தின் ஏழாம் மாதத்திலேதான் பெண்ணைத் தாய்வீட்டிற்கு அழைத்துச் செல்கின்றன. வளைகாப்பு முடித்து அழைத்துச் செல்லும் தமிழ்நாட்டு வழக்கமும் இதற்கு நெருங்கியதே. எந்த மாதத்தில் ஊசி தேவையோ அந்த மாதத்திலேயே கர்ப்பிணியின் வீடும் மருத்துவரும் மாறிவிடுகின்றனர்.

கொச்சியின் மட்டாஞ்சேரி இதனை எண்ணிப் பார்ப்பதற்கு ஏற்ற இடமாகும். மிளகு வாணிகத்தால் வளர்ந்த அச்சிறு பகுதியில் மலையாளிகளோடு குஜராத்தியரும், கொங்கணியரும், கச்சி மேமன்களும், தமிழரும் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். இத்தகைய குடும்பங்களின் மணவுறவுகள் தொலைவிலுள்ள ஊர்களையும் தொடும். மகளிருக்கும் குழந்தைகளுக்குமென ஓர் அரசு மருத்துவமனை அங்கேயே உள்ளது. எனினும் அங்குப் பதிவு செய்துகொண்ட பெண் வேறோர் ஊரில் பிள்ளை பெற்று, மறு கர்ப்பத்துடன் திரும்புங்கால், முன்பு ஊசி போடப்பட்டதா என்பதைக் கூறுவார் எவர்? இடையே கருச்சிதைவு நேர்ந்திருப்பின், அதற்கும் ஊசி வேண்டும் என்பதைப் பல குடும்பங்கள் அறியா. குழந்தையே பிறக்கவில்லையே எனும் எண்ணத்தில் அது மறக்கப்படும்.

மருந்து மனித இரத்தத்திலிருந்து பெறப்படுவது, விலை மிகுந்தது, ஆகவே பிரசவத்திற்குப் பின் மட்டும் போதுமே என்று வாதிடுவாரும் உளர். இவ்வாதம் முற்றும் பொருளற்றதன்று. டென்மார்க்கும் நெதர்லாந்தும் தாயின் இரத்தத்தைக் கொண்டே சிசுவின் ரீசஸ் பிரிவை முன்னதாக அறிந்து, தேவையானவர்க்கு மட்டும் ஏழாம் மாத ஊசியை வழங்குகின்றன. அப்பரிசோதனை எங்கும் எளிதிற் கிடைக்காத நாட்டில், எதிர்ப்பொருள் இன்னும் உண்டாகாத நெகட்டிவ் தாய்மார் அனைவருக்கும் ஊசி போடுவதே நேரிய வழி. இரத்தம் மாற்றுவதற்கும், ஊனமுற்ற குழந்தையை வளர்ப்பதற்கும் ஆகும் செலவை நோக்கின் ஊசியின் விலை சிறிதே.

செய்ய வேண்டுவன அரியவை அல்ல. முதற் பதிவின்போதே ரீசஸ் பிரிவு அறியப்பட வேண்டும். தாய் சேய் நல அட்டையில் இரத்தப் பிரிவு எழுதும் இடம் உண்டு. ஊசி போட்ட நாளும், முன் நேர்ந்த சிதைவுகளும் அவ்வட்டையிலேயே எழுதப்பட வேண்டும். நெகட்டிவ் என அறியப்பட்ட பெண்ணைத் தாய்வீட்டிற்கு அனுப்புமுன், மாமியாருக்கும் தாய்க்கும் ஊசியின் காலத்தைச் செவிலியர் எடுத்துரைத்தல் நன்று. வளைகாப்பு நாளைக் குறிக்கும் குடும்பம் ஊசி நாளையும் குறித்துக்கொள்வது கடினமன்று.

2023ஆம் ஆண்டின் கணக்குப்படி கேரளத்தில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஓராண்டு நிறையுமுன் இறப்பவை 5 மட்டுமே. நாட்டின் சராசரியோ 25. பெருங்காரணங்களை வென்ற மாநிலத்தில் எஞ்சி நிற்பவை இத்தகைய சிறு காரணங்களே. தடுக்கும் வழி தெரிந்த பின்னும் ஓர் அட்டையில் ஒரு வரி எழுதப்படாமையால் இரண்டாம் குழந்தை இறக்குமாயின், அக்குற்றம் இரத்தத்தினுடையதன்று.