பத்து பேர்ச் காணியும் ‘ஷோட்கட்’ கணக்கும்

பத்து பேர்ச் காணி ஒண்டு. சரிசதுரமா அளந்து நாலு மூலைக்கும் கட்டை அடிக்கணும். ஒரு பக்கம் எத்தன அடி?

கல்முனையிலயோ மருதமுனையிலயோ சாய்ந்தமருதுலயோ நிந்தவூர்லயோ, ஓ.எல் கணிதத்துல ஏ எடுத்த ஒராளிட்ட இதக் கேட்டுப் பாருங்க. ஃபோனத் தொடக் கூடாது எண்டும் சொல்லுங்க. கனபேர் முழிப்பாங்க. அவங்க மொக்கு எண்டு நான் சொல்ல வரல்ல. அதே ஆளிட்ட “√10 இன் பெறுமானத்தை வகுத்தல் முறையில் இரண்டு தசமதானங்களுக்குக் காண்க” எண்டு எழுதிக் குடுங்க. ரெண்டு நிமிசத்துல சோடி சோடியாப் பிரிச்சு, கோடு கீறி, 3.16 எண்டு விடை தந்திருவாங்க. ரெண்டும் ஒரே கேள்விதான் என்றது மட்டும் அவங்களுக்குத் தெரியாது. தெரியாமப் பாத்துக்கொண்டது நம்மட கணிதக் கல்வி. என்ட சண்ட அதோடதான்.

முதல்ல காணிய முடிச்சிருவம். ஒரு பேர்ச் எண்டா 272.25 சதுர அடி. 16.5 ஐ 16.5 ஆல பெருக்கினா வாறது அதுதான். அதாவது ஒரு பேர்ச் என்றதே பதினாறரை அடிப் பக்கமுள்ள ஒரு சதுரம். அப்ப பத்து பேர்ச் சதுரத்தின்ட பக்கம் 16.5 × √10. கிட்டத்தட்ட 52 அடி 2 அங்குலம். காணி விலைய பேர்ச்சுக்கு இவ்வளவு எண்டு பேசுற, சீதனக் காணியப் பேர்ச் பேர்ச்சாப் பங்கு வைக்கிற ஊர்ல, √10 ஒரு பாடப்புத்தக எண் இல்ல. ஒவ்வொரு வேலிக்குள்ளயும் கிடக்கு. ஆனா வகுப்பறைக்குள்ள வரக்குள்ள அது காணிய வாசல்ல கழட்டி வச்சுப்போட்டுத்தான் வருது.

இப்ப அந்த வகுத்தல் முறைக்கு வருவம். தரம் பத்துல படிப்பிக்கிறாங்க. எண்ண வலப்பக்கம் இருந்து சோடியாப் பிரி. முதல் சோடிக்குள்ள அடங்குற பெரிய வர்க்கத்தக் கழி. விடைய ரெண்டால பெருக்கி இடப்பக்கம் எழுது. பக்கத்துல ஒரு இலக்கம் போட்டு அதே இலக்கத்தால பெருக்கு. கழி. திரும்பச் செய். ஏன் சோடி? ஏன் ரெண்டால பெருக்கணும்? எனக்குப் படிப்பிச்ச ஒரு டியூசன் சேரிட்ட ஒரு புள்ள இதக் கேட்டா. “ஏன் எண்டு கேட்டா மார்க்ஸ் வராது, எப்பிடி எண்டு பாருங்க” எண்டாரு. கிளாஸ் முழுக்கச் சிரிச்சிச்சு. அந்தப் புள்ள கொப்பியப் பாத்துக் குனிஞ்சிற்றா. அதுக்குப் பிறகு அவ கேள்வி கேட்டு நான் காணல்ல.

அவவுக்குக் குடுத்திருக்க வேண்டிய பதில் அஞ்சு நிமிசத்துக்கு மேல எடுக்காது. செய்து காட்டுறன்.

பரப்பளவு 10 உள்ள சதுரம் வேணும். பக்கம் 3 உள்ள சதுரத்த முதல்ல வைங்க. 9 போயிற்று, 1 மிச்சம். இந்த ஒண்ட அந்தச் சதுரத்தின்ட ரெண்டு பக்கத்துல ஒட்டிப் பெருப்பிக்கணும். ஒரு பக்கத்துல மட்டும் ஒட்டினா சதுரம் நீள்சதுரமாயிரும். ரெண்டு பக்கத்துலயும் 3 நீளமுள்ள ஒவ்வொரு பட்டி, மூலையில ஒரு குட்டிச் சதுரம். ரெண்டு பட்டி, ஒவ்வொண்டும் 3. அதுதான் அந்த “ரெண்டால பெருக்கு”. 6 வந்தது அங்கயிருந்து. பட்டியின்ட அகலம் 0.1 எண்டா, பட்டி ரெண்டும் 0.6, மூலை 0.01, மொத்தம் 0.61. அகலம் 0.2 எண்டா 1.24, கூடிப்போச்சு. அப்ப 3.1. மிச்சம் 0.39. இப்ப 3.1 பக்கமுள்ள சதுரத்தச் சுத்தித் திரும்பப் பட்டி ஒட்டுங்க: ரெண்டு பட்டிக்கும் நீளம் 6.2. அகலம் 0.06 எண்டா 0.372, மூலை 0.0036, மொத்தம் 0.3756. 0.07 போட்டா கூடிரும். 3.16 வந்திட்டு.

சோடியாப் பிரிக்கிறது ஏன்? பக்கத்தப் பத்து மடங்கு பெருப்பிச்சா பரப்பு நூறு மடங்கு பெருக்கும். பக்கத்துல ஒரு இலக்கம் கூட, பரப்புல ரெண்டு இலக்கம் வேணும். அவ்வளவுதான் மர்மம்.

கோபம் வாற இடம் இதுதான். ஈருறுப்புக் கோவையின்ட வர்க்கத்த இந்தப் புள்ளயள் இதே வயசுலதான் படிக்குதுகள். முதலாம் உறுப்பின் வர்க்கம், இரண்டின் பெருக்கத்தின் இரு மடங்கு, இரண்டாம் உறுப்பின் வர்க்கம் எண்டு தாளம் போட்டுப் பாடமாக்குதுகள். அந்த “இரு மடங்கு”ம் இந்த “ரெண்டால பெருக்கு”ம் ஒண்டுதான் எண்டு ஒருத்தர் சொன்னாப் போதும். ரெண்டு பாடம் ஒரு பாடமாகும். சொல்றல்ல. ஒரு அலகு முடிஞ்சா அடுத்த அலகு. டியூட் மாறும், பீஸ் மட்டும் மாறாது.

இந்த வெறுமைய நிரப்ப வந்ததுதான் ஷோட்கட் வியாபாரம். யூடியூப்ல, டிக்டொக்ல, சுவரொட்டியில எல்லாம் “10 செக்கன்ல வர்க்கமூலம்”. அவங்க சொல்ற டிரிக் இது: கிட்டவுள்ள நிறைவர்க்கத்த எடு, மிச்சத்த மூலத்தின்ட ரெண்டு மடங்கால பிரிச்சுக் கூட்டு. √10 க்கு 3 + 1/6, அதாவது 3.167. அபாரம். √15 க்கு 9 ஐ எடுத்துச் செய்து பாருங்க. 3 + 6/6 = 4. நாலின்ட வர்க்கம் 16! இப்ப புள்ள என்ன செய்யும்? டிரிக் பிழைச்சது எண்டு தெரியும், ஏன் பிழைச்சது எண்டு தெரியாது. மேல கீறின படத்தப் பாத்த புள்ளைக்குத் தெரியும்: டிரிக் மூலையில இரிக்கிற குட்டிச் சதுரத்த விட்டுப்போட்டுது. பட்டி மெல்லிசா இரிக்கக்குள்ள மூலை சின்னன், விட்டாலும் பாதகமில்ல. பட்டி ஒரு அலகு தடிப்பெண்டா மூலையும் ஒண்டு, விடையக் கெடுத்திரும். அப்ப 16 இல இருந்து கீழ வா: 4 இலிருந்து 1/8 ஐக் கழி, 3.875. உண்மையான பெறுமானம் 3.873. ஷோட்கட்டும் நல்லதுதான், அது எந்த ரோட்டைக் குறுக்கறுக்குது எண்டு தெரிஞ்சவனுக்கு.

ஷோட்கட்டுக்கு ஒரு பெரியப்பா இரிக்காரு. வாட்ஸ்அப்ல வருசத்துக்கு ரெண்டு தரம் வருவாரு. பைதகரசுக்கு முதல்லயே நம்மட முன்னோர் கண்டுபுடிச்ச சூத்திரம், வர்க்கமூலமே தேவையில்ல, எண்டு போதாயனர் பேரில சுத்துற பதிவு. நீளத்த எட்டாப் பிரிச்சு ஒரு பங்கக் கழி, உயரத்தின்ட பாதியக் கூட்டு, கர்ணம் வந்திரும். 4 உம் 3 உம் போட்டா 3.5 + 1.5 = 5. சரி. 12 உம் 5 உம் போட்டா 10.5 + 2.5 = 13. அதுவும் சரி. “சுப்ஹானல்லாஹ்” எண்டு ஒருத்தர், “தமிழன்டா” எண்டு இன்னொருத்தர், ஒரே குரூப்ல. நல்லிணக்கம்! இப்ப நீளம் 10, உயரம் 1 போடுங்க. 8.75 + 0.5 = 9.25. கர்ணம் அதின்ட பக்கத்த விடக் கட்டையாப் போயிற்று. அப்பிடியொரு முக்கோணி உலகத்துலயே இல்ல. சும்மா அட்சரகணிதம் செய்து பாத்தா விளங்கும்: இந்தச் சூத்திரம் சரியா வாறது ரெண்டே ரெண்டு விகிதத்துக்கு. 3 க்கு 4, 5 க்கு 12. பதிவுல காட்டுற உதாரணமும் அதே ரெண்டுதான். வேற எல்லா இடத்துலயும் அது அண்ணளவு. அண்ணளவுச் சூத்திரம் ஒண்ட எழுதினவர நான் குறை சொல்லல்ல. கயிறும் தடியும் வச்சு அளந்த காலத்துல அது கெட்டித்தனம். அத “வர்க்கமூலமே தேவையில்ல” எண்டு விக்கிறவனத்தான் சொல்றன்.

இத நம்பி வீடு கட்டினா என்ன நடக்கும்? பன்னெண்டுக்குப் பத்து அறை. உண்மையான மூலைவிட்டம் √244, அதாவது 15 அடி ஏழரை அங்குலத்துக்குச் சொட்டுக் கொற. வாட்ஸ்அப் சூத்திரம் 15 அடி 6 அங்குலம் எண்டு சொல்லும். அந்த அளவப் புடிச்சு மூலை எடுத்தா, பன்னெண்டடிச் சுவர் மறு முனையில ரெண்டு அங்குலத்துக்கு மேல சரிஞ்சிரும். டைல்ஸ் ஒட்டக்குள்ள தெரியும். இந்தக் கரையில 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு எத்தனையோ வீட்ட அத்திவாரத்துல இருந்து திரும்பக் கட்டினது நம்மட மேசன்மார். டேப்பையும் நூலையும் புடிச்சு மூணு, நாலு, அஞ்சு எண்டு மூலை எடுக்கிற, ரெண்டு மூலைவிட்டமும் ஒத்து வருதா எண்டு பாக்கிற அந்த வாப்பாமாருக்கு, அண்ணளவு எண்டா என்ன, எவ்வளவு பிழையத் தாங்கலாம் எண்டது கையில தெரியும். அவங்கட புள்ள வகுப்புல √10 = 3.16 எண்டு சமன் குறி போட்டு எழுதுது. சமன் இல்ல. வாப்பாவுக்குத் தெரிஞ்சது புள்ளைக்குப் படிப்பிக்கப்படல்ல.

சமன் இல்ல எண்டு காட்டவும் ஒரு வழி இரிக்கி, தரம் எட்டுப் புள்ளைக்கே விளங்கும். √10 இன்ட தசமம் எங்கயோ ஒரு இடத்துல முடியுது எண்டு வைங்க. கடைசி இலக்கம் 1 இலிருந்து 9 க்குள்ள ஒண்டு. அந்த எண்ண வர்க்கிச்சா கடைசியில வாற இலக்கம் 1, 4, 9, 6, 5 இதுல ஒண்டுதான். பூச்சியம் வராது. அப்ப வர்க்கத்துலயும் தசமம் மிச்சம் இரிக்கும். சரியா 10 வராது. ஆக, முடியவே முடியாது. இதப் பாடமாக்கத் தேவையில்ல, ஒருக்காக் கேட்டா மறக்காது.

“கல்குலேட்டர் இரிக்கே, இதெல்லாம் எதுக்கு?” எண்டு கேப்பீங்க. ஓ.எல் கணிதப் பேப்பருக்கு கல்குலேட்டர் கொண்டுபோக ஏலா. அது சின்னக் காரணம். விடை மட்டும் வேணுமெண்டா வகுத்தல் முறையும் தேவையில்ல, அதவிட லேசான ஒண்டு இரிக்கி. 3 எண்டு ஊகிங்க. 10 ஐ 3 ஆல பிரிங்க, 3.333. ஊகம் குறைஞ்சா பிரிச்ச விடை கூடும், கூடினா குறையும். உண்மை ரெண்டுக்கும் நடுவுல. சராசரி எடுங்க, 3.1667. திரும்ப ஒருக்கா: 10 ஐ அதால பிரிச்சா 3.1579, சராசரி 3.1623. ரெண்டே சுத்துல நாலு தசமதானம். முதலாம் நூற்றாண்டுல அலெக்சாந்திரியாவுல ஹீரோன் 720 க்கு 27 இல இருந்து தொடங்கி இப்பிடித்தான் செய்தாரு. கொப்பியும் வேணாம். ஓட்டோவுல போகக்குள்ள செய்யலாம்.

இன்னொரு கூட்டம் இரிக்கி, பெருமைக் கூட்டம். அல்ஜிப்ரா நம்மட, அல்கோரிதம் என்ற சொல்லே அல் குவாரிஸ்மியின்ட பேர்ல இருந்து வந்தது எண்டு மேடைக்கு மேட. உண்மைதான். ஆனா அந்தப் பெருமையில கணக்கு எங்க? 1427 இல சமர்கந்துல ஜம்ஷீத் அல் காஷி ‘மிஃப்தாஹுல் ஹிஸாப்’ எழுதினாரு. அவரு வர்க்கமூலத்தோட நிக்கல்ல. பதினாலு இலக்க எண் ஒண்டுக்கு ஐந்தாம் மூலம் எடுத்துப் படி படியாக் காட்டினாரு. அதே புத்தகத்துல வளைவுக்கும் குப்பாவுக்கும் பரப்பளக்கிற கணக்கும் இரிக்கி, கட்டடக்காரனுக்குத் தேவைப்படுமெண்டு. அவருக்கு முன்னால, 499 இல, ஆரியபட்டர் இலக்கம் இலக்கமா வர்க்கமூலம் எடுக்கிற விதியச் சொல்லியிருந்தாரு. இவங்கட பேரச் சொல்லிக் கைதட்டு வாங்குறவங்க ஒரே ஒரு வர்க்கமூலத்த மேடையில எடுத்துக் காட்டட்டும் பாப்பம்.

பிழை எல்லாத்தையும் டீச்சர்மார் தலையில கட்டுறது நேர்மையில்ல எண்டும் தெரியும். பாடத்திட்டம் பெருசு, பாடவேளை சின்னன், அதிபருக்கு ரிசல்ட் வேணும், பெற்றாருக்கு ஏ வேணும். அந்த நெருக்கத்துல “ஏன்” என்றது முதல்ல கழண்டு விழும். ஆனா விழுந்தது விழுந்ததுதான். விளங்காம மனனம் பண்ணின புள்ள ஒரு படிய மறந்தா முழுசும் போகும். மூணு தரம் அப்பிடிப் போனா “எனக்கு மெட்ஸ் வராது” எண்டு தனக்குத்தானே தீர்ப்பெழுதிக்கொள்ளும். அந்தத் தீர்ப்போட எத்தனயோ பேர் ஓ.எல் முடிய கட்டாருக்கும் கடைக்கும் போயிற்றாங்க, எத்தனயோ ராத்தாமார் வீட்டோட நிண்டுட்டாங்க. அதுல எத்தன பேருக்கு உண்மையிலேயே வராம இருந்திச்சு?

நேரமில்ல எண்டு சொல்ற சேர்மாரிட்ட ஒண்டு கேக்குறன். அடுத்த பாஸ்ட்பேப்பர் கிளாஸ்ல ஒரே ஒரு கேள்வியக் கொறச்சுப்போட்டு, போர்ட்ல அந்தச் சதுரத்தக் கீறுங்க. பட்டி ரெண்டு, மூலை ஒண்டு. எந்தக் கேள்வியக் கொறைக்கிற எண்டு புள்ளயளிட்டக் கேளுங்க, அதுகளே சொல்லுங்கள்.