பின்புறச் சுவரைச் சுரண்ட வேண்டாம்

எங்கள் பள்ளியின் பின்புறம், வேப்பமரத்தை ஒட்டி ஒரு பழைய சுவர் நிற்கிறது. கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பால் பூசியது என்பார் காவற்காரத் தாத்தா. அதில் உள்ளங்கை அகலத்தில் சாம்பல் நிற வட்டங்கள் படர்ந்திருக்கின்றன. ஆண்டு விழாவுக்கு முன் அவற்றைச் சுரண்டி வர்ணம் அடிக்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. கூடாது என்கிறோம் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள்.

அவை அழுக்கல்ல, லைக்கன்கள். பூஞ்சையும் பாசியும் கூடி நடத்தும் குடித்தனம். பாசி ஒளியைக் கொண்டு உணவு சமைக்கும். பூஞ்சை இடமும் ஈரமும் தரும். அம்மா குழம்பில் போடும் கல்பாசியும் இந்த இனந்தான். (அதை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, சுவரில் கண்டால் முகம் சுளிப்பது என்ன நியாயமோ!) சுண்ணாம்புப் பாறையன்றி வேறெங்கும் குடியேறாத வகைகளும் உண்டு. அவற்றுள் சில உடலைக் கல்லுக்குள் ஒளித்துக்கொண்டு, கரும்புள்ளிகளை மட்டும் வெளியே காட்டும்.

லைக்கனுக்கு வேர் இல்லை. காற்றிலும் மழையிலும் வருவதையே உண்ணும். நஞ்சும் அவ்வழியே புகும். 1866-இல் நைலாண்டர் என்னும் அறிஞர் பாரிஸ் பூங்கா மரங்களை ஆராய்ந்து, லைக்கன் காற்றின் தூய்மையைக் காட்டும் என்றார்.

இதைப் படித்ததும் எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி. ஒரு பக்கம் குப்பைமேடு, மறுபக்கம் மணலி ஆலைகள். குப்பை எரியும் இரவுகளில் சன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கிறோம். காலையில் தம்பி தங்கைகள் இருமிக்கொண்டே புத்தகப் பையைத் தூக்குகிறார்கள். ஆயினும் சுவரில் லைக்கன் இருக்கிறதே, கொடுங்கையூர்க் காற்று நல்ல காற்றுதானே என்று வாதாடினோம். உயிரியல் சிஸ்டர் சிரித்தார். “வேப்பமரத்தைப் பாருங்கள்” என்றார். பட்டையில் ஒன்றுமில்லை.

கந்தக டை ஆக்சைடு நீரில் கரைந்தால் அமிலமாகும். சுண்ணாம்பு காரமாதலால் அந்த அமிலத்தை அடக்கிவிடும். மரப்பட்டைக்கு அவ்வளவு வலிமை கிடையாது. இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் மரங்களைவிட்டு லைக்கன்கள் மறைந்த பின்னும், சுண்ணாம்புக் கல்லிலும் சிமென்ட் சுவரிலும் சில தங்கியிருந்தன. எங்கள் சுவரும் அப்படித் தஞ்சம் தந்திருக்கலாம். அதைக் காற்றின் நற்சான்றிதழாக எண்ணி ஏமாந்தோம். அதற்காக ஒற்றை வேப்பமரத்தை வைத்தும் தீர்ப்பு எழுத முடியாது. வெயிலும் உரியும் பட்டையுங்கூடக் காரணமாகலாம்.

ஆகவே பல மரங்களைப் பார்க்க வேண்டும், பல ஆண்டுகள் பார்க்க வேண்டும். இத்தகைய லைக்கன் ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டரே வளரும்; இந்த வட்டங்கள் எங்கள் அம்மாமார் இங்கே படித்த நாளிலேயே தொடங்கியிருக்கக்கூடும். சுரண்ட அரை மணி போதும். ஆண்டுதோறும் இவற்றை அளந்து, அடுத்த பத்தாம் வகுப்பிடம் குறிப்பேட்டை ஒப்படைக்க விரும்புகிறோம். பெற்றோர் தங்கள் தெரு மரங்களையும் பார்த்துச் சொன்னால் உதவியாயிருக்கும்.

முன்புறச் சுவருக்கு வேண்டிய வர்ணம் அடிக்கட்டும். தூரிகை பிடிக்க நாங்களும் வருகிறோம்.