'பரையா' என்று இனி எழுத வேண்டாம்

ஏதாவது ஒரு நாடு அணுகுண்டு சோதனை நடத்தினால், மறுநாள் ஆங்கிலத் தலையங்கங்களில் அதற்கு ஓர் அடைமொழி கிடைத்துவிடுகிறது: 'பரையா ஸ்டேட்'. உலகம் ஒதுக்கிவைத்த நாடு என்று பொருள். ஊக்கமருந்தில் சிக்கிய வீரர், கட்சி கைவிட்ட தலைவர் என்று யார் ஒதுக்கப்பட்டாலும் இதே சொல்தான். மதுரையில் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலம் நடத்துகிறவன் நான். இந்தச் சொல்லை நம் ஊர்ப் பத்திரிகைகளும் பாடநூல்களும் கைவிட வேண்டும் என்று கேட்கிறேன்.

அது புறப்பட்டது தமிழ் மண்ணிலிருந்து. பறையர் என்ற மக்களின் பெயரைப் போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் தங்கள் குறிப்புகளில் எழுதினார்கள். 17ஆம் நூற்றாண்டில் அது ஆங்கில அச்சுக்கு வந்தது. அப்போது அது ஒரு சாதியின் பெயர் மட்டுமே. பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தன் த சேன்-பியேர் 1791இல் எழுதிய 'இந்தியக் குடிசை' என்ற கதையும், கசிமிர் தெலவீனின் 1821ஆம் ஆண்டு நாடகம் 'லெ பரியா'வும் அதை ஐரோப்பாவில் பரப்பின. 19ஆம் நூற்றாண்டில், யாரும் சேர்த்துக்கொள்ளாத எவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாக ஆங்கிலத்தில் அது நிலைத்துவிட்டது. நம் நாட்டு நாய்க்கும் பருந்துக்கும்கூட அதையே அடைமொழியாக ஒட்டினார்கள்.

அந்தப் பெயருக்குள் இருப்பதோ ஓர் இசைக்கருவி. பறை என்ற முரசிலிருந்து பெயர் வந்தது என்றார் மொழியறிஞர் கால்டுவெல். ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் சேர்க்கிறது தொல்காப்பியம். பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் அதுதான் பேச்சு வழக்கு. ரெட்டைமலை சீனிவாசன் 1893இல் சென்னையில் தொடங்கிய பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். சாவு வீட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருந்த பறையை மேடையேற்றிய அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பெயரில் எந்த இழிவும் இல்லை. ஒதுக்கியவர்கள் செய்த குற்றத்தை ஒதுக்கப்பட்டவர்களின் பெயரில் எழுதிவைத்ததுதான் இழிவு.

ஒருமுறை வகுப்பில் ஒரு தலையங்கத்தைப் படித்துக்கொண்டிருந்தோம். மேலூர்ப் பக்கமிருந்து பஸ் ஏறி வரும் மாணவி ஒருத்தி கைபேசி அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினாள். பொருளுக்குக் கீழே இருந்த சொற்பிறப்பையும் படித்துவிட்டு, "சார், இது எங்க ஆளுக பேரு சார்" என்றாள். வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. தலையங்கம் ஏதோ ஒரு தூரதேசத்து அதிபரைப் பற்றியது. அடி விழுந்தது என் வகுப்பின் மூன்றாவது பெஞ்சில்.

சொற்கள் பிறந்த இடத்தை மறந்து பொருள் மாறுவது எல்லா மொழியிலும் நடப்பதுதானே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். லண்டன் வாசகருக்கு மறந்திருக்கலாம். இங்கே அந்தப் பெயருக்குரியவர்கள் நம்மோடு வாழ்கிறார்கள். அந்த ஒதுக்கலும் இன்னும் பல ஊர்களில் முடியவில்லை. ஒடுக்கப்பட்டோரின் தலைவர் எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் குரல் கொடுத்ததன் பேரில், 1922இலேயே சென்னை மாகாண அரசு தன் ஆவணங்களில் இந்தப் பெயருக்குப் பதில் ஆதிதிராவிடர் என்று எழுத ஒப்புக்கொண்டது. பட்டியல் சாதியினரைப் பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். தெருவில் தமிழில் சொன்னால் குற்றமாகும் ஒன்று, ஆங்கிலத்தில் அச்சானால் மட்டும் நல்ல நடையாகிவிடுமா?

அகராதியிலிருந்து அதை நீக்கச் சொல்லவில்லை. அதன் வரலாறு பதிவில் இருக்க வேண்டும். இது ஒரு மக்களின் பெயர், வசையாகப் பயன்படுத்தக் கூடாது என்ற குறிப்பும் கூடவே இருக்க வேண்டும். மற்றபடி, ஒதுக்கப்பட்ட நாடு, தனித்துவிடப்பட்ட தலைவர் என்று சொல்ல ஆங்கிலத்தில் வேறு சொற்கள் தாராளமாக உண்டு. கருத்து எதுவும் குறையாது.

சென்னையிலும் மதுரையிலும் ஆங்கிலப் பக்கங்களைத் திருத்துகிற ஆசிரியர்கள் இதை நாளைக்கே செய்யலாம். லண்டனும் நியூயார்க்கும் மாறும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. சொல் இங்கிருந்துதான் போனது. அதைத் தவறாகப் பயன்படுத்துவதையும் முதலில் இங்கேயே நிறுத்துவோம்.